தண்ணீர் வந்த வழி

காற்று என்பதே இல்லை. சோளக்கொல்லை நடுவில் மழைப் பூசைக்குக் கட்டிய மேடையில், தண்ணீர் நிரப்பி வரிசையாகத் தொங்கிய சுரைக்குடுக்கைகள் எல்லாம் அசையாமல் கிடக்க, பிதென்சியோவுடையது மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான், உன் குடுக்கைக்கு மட்டும் கள்ளு ஊத்திட்டியா?" என்றான் பக்கத்துக் கொல்லை வென்செஸ்லாவோ.

எல்லோரும் சிரித்தார்கள். பிதென்சியோவுக்கு எரிச்சல்தான் வந்தது. போன வருடம் முறை தவறாமல்தான் செய்தான். பெண்கள் காலடி படாத குகைக்குள் வேரைப் பிடித்து இறங்கி, வௌவால் எச்ச நாற்றத்தில் மூச்சு முட்ட, தோள் உரியத் தண்ணீர் சுமந்து வந்தான். மழைக்கடவுள் சாக் என்ன செய்தார்? அடுத்த ஊரில் கொட்டித் தீர்த்துவிட்டு இவன் வேலியோரம் திரும்பிப் போனார். இந்த வருடமும் கதிர் பால் பிடிக்காமல் காய்கிறது. நேற்று குகை வாசல் வரை போனவனுக்குச் சலித்துப் போயிற்று. எந்தத் தண்ணீரானால் என்ன? மனைவி ஏலோதியா மாவு மில்லுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வீட்டுக் கிணற்றிலேயே மொண்டு வந்துவிட்டான்.

பூசாரி அனஸ்தாசியோ பிசின் புகையோடு ஒவ்வொரு குடுக்கையாக மோந்து வந்தவர், இவனுடையதன் முன்னால் நின்றார்.

"சோப்பு வாசம் அடிக்குதேப்பா. எங்க மொண்ட?"

"குகையிலதாங்கய்யா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. தண்ணி எங்கேருந்து வந்துச்சோ அங்கதான் சாக் இறங்குவாரு. ஆளில்லாத காட்டுல இறங்கினா மழை. ஆளு இருக்கற எடத்துல இறங்கிட்டா, என்னன்னு எனக்கே தெரியாது."

"குகைதான்னு சொல்றேன்ல. எத்தனை தடவை கேப்பீங்க?"

அப்போதுதான் இடித்தது. நடுப்பகல் கறுத்தது. மேகம் கொல்லைக்கு மேலே வந்து, ஈர மண்ணின் வாசத்தை மட்டும் காட்டிவிட்டு, ஒரு சொட்டும் விடாமல் நகர்ந்தது.

"போச்சு, இந்த வருஷமும் போச்சு" என்று வென்செஸ்லாவோ துண்டை வீசி எறிந்தான்.

பிதென்சியோ மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஊர்ப்பக்கம் போய், கயிறுபோல முறுகி, ஓர் இடத்தில் நின்று கீழே இறங்கியது. அவன் வீட்டுக் கூரைமேல்.

"பூசை முடியாம வீட்டுக்குப் போகாதடா" என்று பூசாரி கத்துவது பின்னால் கேட்டது. ஓடினான். பாதையெல்லாம் புழுதி. இரு பக்கமும் காய்ந்த கொல்லை. தூரத்தில் ஏதோ தரையை மிதிக்கும் சத்தம். தொம். கொஞ்சம் இடைவெளி. தொம். இரண்டு கால் உள்ளது நடக்கும் நடை இல்லை.

வேலிக்கு வெளியே வெயில். உள்ளே மழை.

நாய் குரைக்கவில்லை. கோழிகள் இல்லை. கருகிய வாசம்.

ஏலோதியா கிணற்றடியில் முதுகு காட்டி நின்றாள். தலைமுடி வழியே தண்ணீர் ஓடியது. அவள் நின்றிருந்தாள், அது போதும்.

"ஏலோதியா. உள்ள போடி, இடி விழுது."

"மழை கேட்டல்ல, வந்தாச்சு" என்றாள். அவள் குரலேதான். திரும்பவில்லை.

கிட்டே போனான்.

பாவாடைக்குக் கீழே ஒரு கால்தான் தரையில் இருந்தது. இன்னொன்று கிணற்று விளிம்பில் பாம்பாய் வளைந்து, செதில் மினுங்க, உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது.