பார்த்த ஓங்கில்

கி.பி. 2091. மணற்குடா துறைமுகத்தில் காலை ஏழு மணிக்கு ஓங்கில்கள் வழக்கம்போல வகுப்புக்கு வந்துவிட்டன. பட்டணத்தார் டால்பின் என்று சொல்லும் அதே ஓங்கில்தான். பிரிஸ்கில்லா டீச்சர் மட்டும் அன்று வருகைப்பதிவு எடுக்கவில்லை. முந்தின நாள் மாலையில் திரும்பவேண்டிய அவள் கணவன் இன்னாசியின் படகு இன்னும் வரவில்லை.

ஓங்கில் ஒலியைப் பேச்சாகவும் பேச்சை ஓங்கில் ஒலியாகவும் மாற்றும் ஒலிமாற்றியை நீரில் இறக்கினாள்.

"இன்னாசிய யாராவது பாத்தீங்களா?"

எல்லாமே பார்த்திருந்தன! ஒன்று வடக்கே என்றது, ஒன்று தீவோரம் என்றது, இன்னொன்று கப்பலில் ஏறிவிட்டார் என்றது. ஏழு ஓங்கில்கள், ஏழு பதில்கள். டீச்சருக்குத் தலை சுற்றியது. இருப்பதோ ஒரே மீட்புப் படகு.

இருபது வருடத்துக்கு முன் இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. ஓங்கில் குரல் கொடுக்கும். அது எதில் பட்டுத் திரும்புகிறதோ அதை மட்டும் சொல்லும். கேள்விப்பட்டதைச் சொல்லும் வழக்கமே அந்த இனத்தில் இல்லை. கடல் முழுக்கத் தேடியும் ஒரு வதந்திகூட அகப்படவில்லையே என்று விஞ்ஞானிகள் வியந்தார்கள். வியந்த கையோடு அவற்றுக்கு மனிதர் மொழி கற்றுத்தரப் பள்ளிக்கூடமும் திறந்துவிட்டார்கள்.

"உங்க குரல் அவரு மேல பட்டுச்சா?"

"இல்லை. மற்றக் கூட்டத்தார் சொன்னார்கள்."

"பாக்காமலே எதுக்குச் சொன்னீங்க?"

"முதலில் சொல்பவருக்குத்தானே கரையில் மதிப்பு? உங்களைப் பார்த்துத்தான் கற்றோம்."

அப்போது, வகுப்புப் பக்கமே தலைகாட்டாத கிழட்டு ஓங்கில் ஒன்று வந்தது. மனிதர் மொழியில் அதற்கு ஒரு சொல்லும் தெரியாது. அது எழுப்பிய ஒலியை ஒலிமாற்றி திரையில் எதிரொலிப்படமாக வரைந்தது. கவிழ்ந்த படகு, அதைக் கட்டிப்பிடித்தபடி ஒரு மனிதன், அவன் நெஞ்சில் மெதுவாக அடிக்கும் இதயம். ஓங்கில் மூக்கை நீட்டிய திசை தென்கிழக்கு. டீச்சர் அழுதேவிட்டாள். மீட்பு அதிகாரி கொம்பையா உடனே மீட்புப் படகை அங்கே அனுப்பிவைத்தார்.

அரைமணி நேரத்தில் கரையில் யாரோ பட்டாசு கொளுத்தும் சத்தம் கேட்டது. கொம்பையா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"டீச்சர், இன்னாசி அண்ணன் வடக்க கரையேறிட்டாராம்! படகத் திரும்பி வரச் சொல்லிட்டேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தோஷப்படவும் பயமாக இருந்தது.

"யாரு பாத்தா?"

"ஊரே சொல்லுது."

"யாரு பாத்தான்னு கேக்கேன். அந்தப் படத்துல இருந்தது அவருதான். படகத் திருப்புங்க சார்!"

கீழே ஏழு மாணவ ஓங்கில்களும் அந்த நல்ல செய்தியைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகப் பாய்ந்தன. கொம்பையா பரிதாபமாக அவளைப் பார்த்தார்.

"இந்தச் சேதிய நானே நாப்பது பேருக்கு அனுப்பியிருக்கேன் டீச்சர். அந்தக் கெழட்டு மீன் ஒண்ணுதானே வேற மாதிரி சொல்லுது?"