பேழைக்கு வளைகாப்பு

செவ்வாயின் நான்காம் குமிழ் நகரில், மங்கை வீட்டுக் கருப்பேழைக்கு அன்று வளைகாப்பு. வெதுவெதுப்பான நீரில் ஏழு மாதச் சிசு மிதக்க, பெண்கள் பேழையின் கைப்பிடியில் கண்ணாடி வளையல்களை மாட்டினார்கள். கதிர்வீச்சுக்குப் பயந்து செவ்வாயில் யாரும் வயிற்றில் பிள்ளை சுமப்பதில்லை. கருவைப் பேழையில் வைத்துவிட்டுப் பெற்றோர் வேலைக்குப் போய்விடுவார்கள்.

மங்கையின் தோழி இளவெயினியும் வளையலோடு முன்னே வந்தாள். அவள் மாமியார் சௌந்தரம் மெல்லக் கையைப் பிடித்தாள்.

"நீ அப்புறம் போடலாம்மா. நாலு பேர் ஏதாவது சொல்லுவாங்க."

இளவெயினியின் வீட்டுப் பேழையில் மூன்று முறை கரு தங்கவில்லை. அன்றிலிருந்து கேள்விகள்தான். "வேலை வேலைன்னு ஓடுறியே, பக்கத்துல உக்காந்தாதானே புள்ள தங்கும்?" "கோபத்தோட பேழையைத் தொட்டியா?" அந்தக் கருவில் பாதி அவள் கணவன் மாறனுடையது. அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. சௌந்தரத்துக்கு மருமகள் மேல் உயிர். அவளுக்காக வெள்ளிதோறும் பட்டினி கிடந்தாள். கிடப்பதை எல்லோரிடமும் சொல்லவும் செய்தாள்.

மங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "என் புள்ளைக்கு வெயினி கை படணும். இல்லாட்டி இந்த வளைகாப்பே வேணாம்."

வளையல் ஏறியது. வீட்டுக்கு வந்ததும் இளவெயினி தங்கள் காலிப் பேழையின் முன் போய் நின்றாள்.

"போதும்னா சொல்லு, விட்டுடலாம். எனக்கு நீ இருந்தா போதும்," என்றான் மாறன்.

"எனக்குப் புள்ள வேணும். அதுக்கு முன்னாடி அந்தப் பேழையைக் கழட்டிப் பாக்கச் சொல்லு."

இத்தனை நாளாக யாருக்கும் தோன்றாத யோசனை. வந்த பொறியாளர் மூடியைக் கழற்றினார், துழாவினார், நிமிர்ந்தார்.

"வெப்பச் சீராக்கி பழுதுங்க. அப்பப்ப உள்ள குளிர்ந்து போயிருக்கு. யார் வீட்டுக் கரு வச்சாலும் தங்கியிருக்காது."

இளவெயினி சுவரில் சாய்ந்து விம்மினாள். மாறன் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டான்.

செய்தி பரவி, அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். சௌந்தரம் பேழையருகே உட்கார்ந்து, அதன் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"யாரும் இதைக் குறை சொல்லாதீங்க," என்றாள். "வெளிய சொல்லத் தெரியாம, எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருந்திருக்கு. பாவம், அது என்ன பண்ணும்?"

வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் பேழையைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.