நாப்பது மில்லி ஓட்டையும் ஒரு பின்னும்

வெள்ளி, காலை 8.20. ஈப்போவுக்குப் பக்கத்து லகாட் பட்டறையில் பாரந்தூக்கியின் கப்பி விழுந்து சன்னாசி அங்கேயே செத்துப்போனான். கப்பியைத் தாங்கிய 'பின்' என்ற இரும்புத் தண்டு, ஓட்டையை விட்டு உருவிக்கொண்டு வந்திருந்தது. மாட்டியவன் தனேஸ்வரன். செத்தவனோ அவன் மனைவி புஷ்பலதாவின் தம்பி. அட கொடுமையே, ஒரு மனுசனுக்கு இதுக்கு மேல என்ன வரணும்?

10.05. எல்லாரும் மரியாதையாகப் 'புவான்' என்கிற இன்ஸ்பெக்டர் விமலாதேவி அளந்து பார்த்தார். ஓட்டை சரியாக நாற்பது மில்லிமீட்டர். பின் 39.98.

"ஓட்டையைவிட பின் சின்னதா இருந்தா எப்படி இறுகும்?"

எஞ்சினியர் மிதுலன் கணினியில் வரைபடத்தைக் காட்டினான். "ஆரம்பத்துலேருந்தே 39.98தான் புவான். இதப் பாத்துத்தான் வெளிக் கடைசல்காரங்க கடைஞ்சு அனுப்பினாங்க. என் கைப்பிழை, ஒத்துக்கிறேன். ஆனா மாட்டுனவனுக்கு லூசுன்னு தெரியாதா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பேச்சு.

10.40. தனேஸ்வரனை முன்னால் நிறுத்தினார்கள். வாசலில் நின்ற புஷ்பலதா அவனைப் பார்க்கவேயில்லை. "என் தம்பிய இவருதான் கொன்னாரு," என்றாள்.

"பின் எப்ப வந்துச்சு?" என்று விமலாதேவி தனேஸ்வரனிடம் கேட்டார்.

"செவ்வாக்கிழமை, புவான். வந்ததும் கேன்டீன் பிரீசர்ல போட்டேன். குளுந்தா சுருங்கும்லா, சுத்தியல் வேணாம். நேத்து சாயங்காலம் மாட்டினேன்."

"எப்படிப் போச்சு?"

"கையாலயே போச்சு. எப்பவும் அப்படித்தான்."

11.30. விமலாதேவி வரைபடத்தின் மூலையைத் தொட்டார். "படத்தக் கடைசியா மாத்தின நேரத்த கணினியே போட்டிருக்கு. வியாழன், மதியம் 2.10. பின்னோ செவ்வாய்க்கிழமையே பிரீசர்ல கிடந்துச்சு. வியாழக்கிழமை போட்ட அளவப் பாத்து முன்னாடியே எவன் கடைவான்? உண்மையான அளவு என்ன?"

மிதுலன் கணினியிலிருந்து கையை எடுத்தான். "40.01."

"ஓட்டையைவிட மயிரிழை பெருசு. அப்பதான் இறுகும். சின்னதா கடைஞ்சு வந்த பின்னைத் திருப்பி அனுப்பாம, அதுக்கேத்த மாதிரி படத்த மாத்தினது நீ. குளுந்த பின் எப்பவும் சுளுவாத்தான் போகும். அதனால தனேஸ்வரனுக்கு வித்தியாசம் தெரியல."

"கடைசல்காரங்க அளவுச் சீட்டு நேத்துத்தான் கைக்கு வந்துச்சு. வேற பின் வர ரெண்டு வாரம் ஆகும் புவான். தாங்கும்னு நெனச்சேன்."

மிதுலன் கையில் விலங்கு ஏறியது. தனேஸ்வரன் மனைவியிடம் ஓடினான். "கேட்டியா புஷ்பா? நான் இல்ல!"

அவள் முதன்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். "குளுர வைக்காம மாட்டியிருந்தா, லூசுன்னு உங்க கைக்குத் தெரிஞ்சிருக்குமா?"

விமலாதேவி தலையைத் தாழ்த்திக்கொண்டார். தனேஸ்வரன் பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம், பாவி. அவனுக்கு அது வரவில்லை.

"தெரிஞ்சிருக்கும்."

தம்பியின் உடலை வாங்க புஷ்பலதா தனியாகவே ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனாள்.