ஒரு சாண் போர்விமானம்

கர்ணன் செத்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

மாரிசெல்வம் இறக்கையைத் தேடிக்கொண்டிருந்தான்.

மேஜைக்கு அடியில் இல்லை. நாற்காலிக்குப் பின்னால் இல்லை. கடைசியில் கர்ணனின் தோளுக்கு அடியிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு முனை எட்டிப் பார்த்தது... ஒரு கையால் பிணத்தைப் புரட்டி, மறு கையால் இறக்கையை உருவினான். நல்லவேளை, ரத்தம் படவில்லை.

கர்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கடமலைக்குண்டில் தன் வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்துகொண்டு, பிளாஸ்டிக்கில் சின்னச் சின்னப் போர்விமானங்களும் டாங்கிகளும் செய்துகொண்டிருந்தார்.

அதாவது, கால் மணி நேரத்துக்கு முன்பு வரை.

மாரிசெல்வம் தேனியில் காருக்கும் வேனுக்கும் பெயிண்ட் அடிக்கிற பட்டறைக்காரன். பாகங்களை வெட்டி ஒட்டுவது கர்ணன் வேலை. ஊசிமுனை ஸ்பிரேயில் நிறம் கொடுத்து அதற்கு உயிர் கொடுப்பது மாரிசெல்வம் வேலை. இந்த ஒரு சாண் 'நாட்' ரகப் போர்விமானத்துக்கு எட்டு மாதம் பிடித்தது. பின்புறம் புகைக்கறை, வயிற்றில் எண்ணெய்க் கசிவு, விமானி கால் வைத்து ஏறுகிற இடத்தில் தேய்ந்த பெயிண்ட்... பார்க்கிறவன் பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்பான். பெங்களூர் கண்காட்சியில் முதல் பரிசு.

பேப்பரில் படம் வந்தது. படத்துக்குக் கீழே ஒரே ஒரு பெயர்.

கர்ணன்.

பத்து நாள் பொறுத்தான் மாரிசெல்வம். பதினோராம் நாள் போனைப் பட்டறையிலேயே போட்டுவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"என் பேரு எங்கண்ணே?"

கர்ணன் சிரித்தார். அவர் செய்த தப்பு அதுதான்.

"பேரு தானடா... வரும்டா. அதுக்கு ஏன்டா இப்படிப் பறக்குற?"

மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு பழைய ஸ்பேனர் கிடந்தது. முழங்கை நீளம்.

முதல் அடி காதுக்கு மேலே. கர்ணன் சாயவில்லை, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அவர் முழங்கை இடித்து விமானம் கீழே விழுந்தது. இரண்டாவது அடியில் தாடை உடைந்து தொங்கியது. மூன்றாவது அடியில் கை தளர்ந்தது. நான்காவது தேவையே இல்லை... ஆனாலும் அடித்தான்.

வெளியே சந்தை நாள். தக்காளி ஏலக்காரர் மைக்கில் கத்திக்கொண்டிருந்தார். மாடியில் ஒரு மனிதன் செத்தது ஒருவர் காதிலும் விழவில்லை.

தின்னர் துணியால் தொட்ட இடமெல்லாம் துடைத்தான். ஸ்பேனரைச் சாக்கில் சுற்றினான். அப்போதே போயிருக்க வேண்டும்.

போகவில்லை.

சொந்தத் தம்பி பிரிந்து போனபோதுகூட மாரிசெல்வம் கண்டுகொண்டதில்லை. ஆனால் இறக்கை பிரிந்து கிடந்தால் அவனால் தாங்க முடியாது. போலீஸ்காரன் பூட்ஸ் காலால் மிதித்து நாசம் பண்ணிவிடுவான் என்று தோன்றியது. எட்டு மாத உழைப்பு.

முறையான பிளாஸ்டிக் பசை இறுக அரை நாள் ஆகும். மேஜையில் அஞ்சு ரூபாய் பசை ட்யூப் ஒன்று கிடந்தது. பத்து விநாடியில் பிடிக்கிற ரகம். அதன் ஆவி பட்டால் கண்ணாடிப் பாகம் வெள்ளையாகப் பூத்துவிடும், ஆகவே பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது என்பது இந்த வேலையில் பால்வாடிப் பாடம். இறக்கைக்குத்தானே என்று பிதுக்கினான். அவசரத்தில் ஒரு சொட்டுக்குப் பதில் ஐந்து விழுந்தது.

மூலையில் புதுக் கண்ணாடிப் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே குட்டி பல்பு. விமானத்தை உள்ளே வைத்து, சக்கரத்தை நேராக்கி, இறக்கை தொங்குகிறதா என்று பல்பைப் போட்டு நாலு பக்கமும் பார்த்தான். தொங்கவில்லை. பெட்டியை இறுக்க மூடி, வெளிப்பக்கம் முழுக்கத் துடைத்தான்.

பல்பை அணைக்கவில்லை. நல்ல வேலையை இருட்டில் விட்டுப் போக அவனுக்கு மனசு வரவில்லை.

பின்மாடிப் படி. மழை. மூல வைகை ஆற்றில் செங்காவி வெள்ளம். ஸ்பேனர் போன இடம் தெரியவில்லை.

சாயங்காலமே போலீஸ் சுருளிராஜனை அள்ளிக்கொண்டு போனது. கர்ணனின் பங்காளி. கிணற்றுத் தண்ணீர் முறைக்காக முந்தின நாள்தான் டீக்கடையில் நின்று, "உன் தலையைப் பொளக்கல..." என்று நாற்பது பேர் கேட்கச் சத்தம் போட்டிருந்தான். வாயால் கெட்டவன். செய்தி கேட்ட பிறகு மாரிசெல்வத்துக்கு ராத்திரி நாலு புரோட்டா இறங்கியது.

மறுநாள் பதினொரு மணிக்குப் போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் நாகஜோதி. கர்ணன் போனில் அதிகமாக இருப்பது உங்கள் நம்பர்தான், வந்து பொம்மைகளில் ஏதாவது காணோமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள். பொம்மை என்ற வார்த்தையில் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மாடி அறையில் பிணம் இல்லை. தரையில் சாக்பீஸ் கோடும் காய்ந்த ரத்தமும் மட்டும். வாசலில் கான்ஸ்டபிள் பொன்னுராஜ், கதவளவு ஆள்.

"கடைசியா எப்ப வந்தீக?" நாகஜோதி சாதாரணமாகக் கேட்டாள்.

"ஒரு மாசம் இருக்கும் மேடம்."

"அதுக்கப்புறம் இங்கன காலே வைக்கல?"

"இல்ல மேடம். அண்ணனைப் போய் அடிச்சுக் கொன்னுட்டானே அந்தப் பாவி..." குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டே அலமாரியைப் பார்த்தான். டாங்கிகள் எல்லாம் இருந்தன. கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான்.

பார்வை அங்கேயே நின்றது.

விமானி உட்காரும் கண்ணாடி மூடி வெள்ளையாகப் பூத்திருந்தது. அது போகட்டும்... பெட்டிக் கண்ணாடியின் உட்பக்கத்தில், கீழ் மூலையில், வெள்ளையாக ஒரு கட்டைவிரல். ஒவ்வொரு கோடும் தனித்தனியாக. ஆதார் மெஷினில்கூட அவன் ரேகை இவ்வளவு சுத்தமாக விழுந்ததில்லை!

நேற்று சக்கரத்தைச் சரி செய்தபோது இடது கையை ஊன்றியது நினைவுக்கு வந்தது. மூடிய பெட்டி, பல்பின் சூடு, மழைக்கால ஈரம், ஐந்து சொட்டுப் பசை. ஆவி ராத்திரி முழுக்க உள்ளேயே சுற்றி அவன் விரலைத் தேடிப் பிடித்திருக்கிறது.

அந்த வெள்ளை இருந்தால் அவன் கழுத்து இருக்காது.

நாகஜோதிக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே மொட்டை மாடிப் பக்கம் நகர்ந்தாள். பொன்னுராஜ் படியில் இறங்கும் சத்தம் கேட்டது.

மாரிசெல்வம் பெட்டியைத் திறந்து கைக்குட்டையால் தேய்த்தான். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தான். ம்ஹூம். பசை இறுகி, கண்ணாடியோடு கண்ணாடியாகியிருந்தது. மேஜையில் கிடந்த பிளேடு கத்தியை எடுத்துச் சுரண்டினான். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது.

"அது லேசுல போகாது."

திரும்பினான். நாகஜோதி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கூடவே பொன்னுராஜ்.

"எங்க ரேகை ஆளுக இதே பசையைப் பெட்டிக்குள்ள சூடு பண்ணித்தான் ஆவி புடிப்பாக. அவுக வேலையை நீங்களே செஞ்சு வச்சுட்டீக." ஒரு அடி முன்னால் வந்தாள். "காலையிலேருந்து ஆறு பேரைக் கூப்பிட்டு இந்த ரூமைக் காட்டிட்டேன். எல்லாரும் ஏரோப்ளேனைப் பாத்தாக. நீங்க ஒருத்தர்தான் கண்ணாடியைப் பாத்தீக."

"நானும் அண்ணனும் சேந்து செஞ்சது மேடம்... என் ரேகை இல்லாம யார் ரேகை இருக்கும்?"

"ஏரோப்ளேன்ல இருக்கலாம். இந்தப் பெட்டி இங்க வந்ததே நேத்துக் காலை பத்து மணிக்கு."

ஒரு விநாடி.

பிளேடு அவள் கழுத்தை நோக்கிப் பாய்ந்தது. நாகஜோதி சாய்ந்தாள், தோள்பட்டை கிழிந்தது. குறுக்கே விழுந்த பொன்னுராஜின் உள்ளங்கையில் அடுத்த கீறல், எலும்பு வரை. மாரிசெல்வம் காலை ஓங்கிப் பெட்டியை உதைத்தான். உடைந்தால் போதும்... நொறுங்கினால் தப்பித்தான்!

பெட்டி சரிந்தது. பொன்னுராஜ் ரத்தக் கையோடு அதைப் பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் விழுந்தார். அவர் முதுகில் கத்தியை ஓங்கினான் மாரிசெல்வம்.

நாகஜோதியின் லத்தி அவன் முழங்காலில் இறங்கியது. மூட்டுச் சில்லு உடையும் சத்தம். மடங்கியவனின் தலைமுடியைப் பற்றி, மேஜை விளிம்பில் ஒரே மோது. மூக்கு உடைந்து, முன்பல் இரண்டு தெறித்தன. கத்தி உருண்டு சாக்பீஸ் கோட்டுக்குள் போய் நின்றது. அதே கோட்டின் மேல் குப்புற விழுந்தான் அவன்.

விலங்கு மாட்டிய பிறகுதான் நாகஜோதி தன் தோளைப் பார்த்தாள். "ஏலே பொன்னுராஜ், பெட்டி?"

"கீறல்கூட இல்லம்மா."

அப்போது படியேறி வந்த ஒருவர் வாசலிலேயே உறைந்து நின்றார். கண்ணாடிக் கடை காமராஜ். கையில் பழைய பேப்பரில் சுற்றிய சின்னப் பொட்டலம்.

"நீங்க பெட்டி விசயமா வரச் சொன்னீகளாம்... எந்நேரம் கொண்டாந்தேன்னு வீட்டுல போன்லயே கேட்டீகளாம். இதையும் கையோட எடுத்தாந்தேன். கர்ணன் அண்ணன் ஆர்டர் குடுத்த பித்தளைத் தகடு. நேத்து எழுத்து வெட்டி முடியல, இன்னிக்கு ஒட்டித் தாரேன்னு சொல்லிட்டுப் போனேன். அதுக்குள்ள..." துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நாகஜோதி பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டு வரிதான்.

'மாரிசெல்வம், தேனி.
இவர் கைவண்ணம்.'

"பேப்பர்காரன் பேரை விட்டுட்டான்னு அண்ணன் வருத்தப்பட்டாக. மூணு வாட்டி அவனுக்குப் போன் போட்டுச் சண்டை போட்டாக. பெட்டியோட அந்தாளுக்கே குடுத்து அசத்தணும், அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதன்னாக." காமராஜ் சுற்றும் முற்றும் பார்த்தார். "இங்கன மாரிசெல்வம்ங்கிறது யாருங்க?"

பொன்னுராஜ் தரையில் கிடந்தவனைக் கைகாட்டினார்.

பேரு தானடா... வரும்டா. கர்ணனின் சிரிப்பு காதுக்குள் கேட்டது. நையாண்டி இல்லை அது. ஒரு ரகசியத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு அடக்க முடியாத மனிதனின் சிரிப்பு. மாரிசெல்வம் உடைந்த வாயோடு தரையில் முகத்தைப் புதைத்து அழுதான். ரத்தமும் எச்சிலுமாக 'அண்ணே' என்ற ஒரு சொல் மட்டும் வந்தது.

நாகஜோதி குனிந்து, தகட்டை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"பேப்பர்ல பேரு வரலைங்கிறதுதான உங்க குறை? நாளைக்கு மொதப் பக்கத்துலயே வருது. எழுத்துப்பிழை இல்லாமப் போடச் சொல்றேன்... போட்டோவுக்கு மட்டும் மூஞ்சியைக் கழுவிக்கங்க."