கட்டுக்குள்ளே மொங்கான்

ஓவசியர் கிறகரி எங்கள் சின்னக்குளத்தைப் பார்வையிட வந்த அழகை முதலில் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்துப் பத்து மார்கழி. மூன்று நாளாக அடைமழை. குளம் நிரம்பி வான் பாய இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. மனுசன் பிக்கப்பை விட்டு இறங்கவேயில்லை. கண்ணாடியை நாலு விரல் அளவு கீழே விட்டு, குளக்கட்டை ஒருக்கால் பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு என்றார். சப்பாத்தில் சேறு படக்கூடாதாம். இவருக்குச் சம்பளம் குளத்தைப் பார்க்கவா, சப்பாத்தைப் பார்க்கவா, எனக்குத் தெரியாது.

கட்டின் அடியில், என் வளவுக்குப் பின்னால், தண்ணீர் கசிகிறது என்று சொன்னேன். கசிவில்லாத மண்கட்டு உலகத்திலேயே இல்லை என்று எனக்குப் பாடம் எடுத்தார். அது எனக்கும் தெரியும். தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. கலங்கிய தண்ணீர் வந்தால் கட்டின் வயிற்றுக்குள் மண் கரைகிறது. அங்கே தேத்தண்ணி நிறத்தில் வந்துகொண்டிருந்தது. கட்டு உடைந்தால் கீழே பத்தொன்பது வீட்டுத்திட்ட வீடுகளும் போய்விடும். முதல் வீடு என்னுடையது. அதற்குள் என் மகள் தக்சிகா கைக்குழந்தையோடு இருந்தாள்.

கிறகரி புத்தகத்தில் 'திருப்தி' என்று எழுதிவிட்டுப் போனார்.

அவரைத் திட்டி என்ன? அவரைவிடக் கேவலமானவள் நான். அந்தக் கசிவு ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் கட்டின் வெளிப்பக்கத்தைக் குடைந்து, நானும் என் மனுசனும் பங்கர் வெட்டியிருந்தோம். இரண்டாயிரத்து எட்டில் ஊரே ஓடியபோது, குளத்துத் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானை எமிலியானுஸ் மட்டும் வரவில்லை. துருசுக் கதவைப் பூட்டித் தண்ணீரை நிறுத்தாமல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். ஷெல் விழுந்தால் எங்கள் பங்கருக்குள் போங்கோ என்று சொல்லிவிட்டுத்தான் ஓடினோம்.

திரும்பி வந்தபோது விதானையாரைக் காணவில்லை, பங்கரின் வாய் பாதி இடிந்து கிடந்தது. இது வெளியில் தெரிந்தால் மிதிவெடி எடுக்கிறவர்கள் வந்து ஊரைத் திரும்ப மூடுவார்கள், வீடும் கிடையாது. ஒரு பின்னேரத்துக்குள் இரண்டு பேருமாக மண் போட்டு மூடினோம். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. காறித் துப்ப வேண்டுமென்றால் துப்புங்கள்.

அன்று இரவும் கொட்டியது. விடிந்தபோது றோட்டே இல்லை, ஓடுவதற்கும் வழியில்லை. என் மனுசன் மன்னார் ரவுனில் அகப்பட்டுவிட்டார். மத்தியானம் மண்வெட்டியையும் கடகத்தையும் எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டில் ஏறினேன். மழையில் கட்டுப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்காலோடுதான் போவோம். இளகின இடத்தைக் கண் காட்டாது, கால் காட்டும்.

வானம் கறுத்துப் பகலே பொழுதுபட்ட மாதிரிக் கிடந்தது. தவளைச் சத்தம் காதை அடைத்தது. பாசியும் அழுகின புல்லும் மணத்தன.

பங்கர் இருந்த இடத்துக்கு வந்ததும் தவளைகள் நின்றன.

உள்ளங்காலில் ஏதோ இடித்தது.

தொம்.

ஒரு மூச்சு விடுகிற நேரம். திரும்பவும் தொம்.

மொங்கான் போடுகிற சத்தம். களிமண்ணைச் சாணளவு கொட்டி, தடித்த மரக்கட்டையால் இடித்து இறுக்கித்தான் அந்த நாளில் கட்டு உயர்த்துவார்கள். அந்த இடி என் காலுக்குக் கீழே, கட்டுக்குள்ளே இருந்து வந்தது.

கீழே இறங்கிப் பார்த்தேன். கசிவுத் துளை என் தலை போகிற அளவுக்குப் பெருத்திருந்தது. குனிந்தேன். உள்ளே இருட்டு. ஈரக் களியின் மணம் மூச்சு மாதிரி முகத்தில் பட்டது.

"விதானையார்?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மண் காணாது, பிள்ளை. இன்னும் கொண்டா."

ஓடியிருப்பேன். ஆனால் திரும்பினால் என் வீட்டுக் கூரை தெரிந்தது. களியை வெட்டிக் கடகம் கடகமாகக் கொண்டுவந்தேன். துளைக்குள் வைத்த மண்ணை உள்ளே இருந்து ஏதோ வாங்கிக்கொண்டது. ஒரு தடவை விரல்கள் பட்டன. குளிர்ந்த விரல்கள். நான் கையை இழுக்கவில்லை. பொழுதுபடும்போது கசிவு சிறுத்து, தெளிந்த தண்ணீராக வந்தது.

ஆவணியில் குளம் வற்றியதும் கமக்காரர் கூட்டத்தில் எழும்பி எல்லாவற்றையும் சொன்னேன். என் மனுசன் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து வளவு சீவரத்தினம் வாயைப் பொத்திச் சிரித்தார். என்னைக் காட்டி, பரமேஸ்வரிக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது என்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னார். ஆனாலும் மண் வெட்டுகிற பெக்கோ வந்தது. வெயில் என்றபடியால் கிறகரியும் இறங்கி வந்தார்.

வெட்டிப் பார்த்தால் பனங்குற்றிக் கூரை அப்படியே இருந்தது. அதற்குக் கீழே களி. நிலத்திலிருந்து கூரைவரை, சாண் சாணாக, பெக்கோவின் பல்லே வழுக்குகிற இறுக்கம். வாசலில் நாங்கள் போட்ட மண் தொளதொளவென்று கிடந்தது. இடித்தது உள்ளே இருந்துதான். கடைசி அடுக்கை இடித்தவர் நிற்க அங்கே ஒரு விரல் இடமில்லை. எலும்பும் இல்லை.

வெற்றிடம் இல்லை, கட்டுத் திருப்தி என்று கிறகரி எழுதினார். இந்த மனுசனுக்கு அந்த ஒரு சொல்தான் தெரியும்.

அப்போது, முப்பது மீற்றர் தள்ளி, துருசடிப் பக்கம் கட்டுக்குள்ளே கேட்டது.

தொம்.

இந்த முறை எல்லாருக்கும் கேட்டது. கிறகரி பிக்கப்பில் ஏறிக் கண்ணாடியை மூடினார். சீவரத்தினம் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"அதில பங்கர் வெட்டினது நாங்கள்," என்றார் மெதுவாக. "நாங்களும் பாக்காமல்தான் மூடினனாங்கள்."

ஒருவரும் அவரைத் திட்டவில்லை. திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற சனம் முழுக்க, ஒவ்வொருவரும் கட்டின் வேறு வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.