இரண்டு நாள் களஞ்சியம்

"செத்து எட்டு மாசமாச்சு சேர். இப்ப பழியைத் தூக்கி அவரு மேல போடுறாங்க. அவரு எந்திரிச்சு வந்து பதில் சொல்லவா முடியும்?" என்றாள் ஷெரோமி.

ஹட்டன் நகரில் மருந்துக்கடைக்கு மேலிருந்த அறையில் அவள் குடையை மடிக்க மறந்து நின்றாள். இராயப்பன் நாற்காலியைக் காட்டினார். தீ விபத்து இழப்புகளை இருபது வருடம் விசாரித்தவர் அவர். உதவியாளர் தனுஷிகா அதற்குள் குறிப்பேட்டைத் திறந்துவிட்டாள்.

ஷெரோமியின் கணவர் மிலான், லிந்துலையில் ஓர் ஆவணக் காப்பகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர். தேயிலைத் தோட்ட லயத்துக் குடும்பங்களின் பிறப்புச் சான்றிதழ்களும் பழைய கடவுச்சீட்டுகளும் அங்கே ஒரு மெய்நிகர் கணினியில் இருந்தன. பெரிய கணினி ஒன்றுக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினி அது. அதன் பிரதிகளை மிலான் பக்கத்திலேயே ஒரு வட்டுப் பெட்டியில் வைத்தார். பழைய பிரதிகளை ஞாயிறுதோறும் அழிக்கத் தானாகவே ஓடும் ஒரு சிறு நிரலையும் எழுதியிருந்தார்.

"போன ஞாயிறு ரெண்டு மணிக்கு அந்த நிரல் எல்லாத்தையும் அழிச்சிருச்சு. மெஷினும் போச்சு, பெட்டியில இருந்த பிரதியும் போச்சு. திங்கக்கிழமை காலையில நான்தான் பார்த்தேன். மிலான் எழுதினது தப்புன்னு இன்னைக்கு, புதன்கிழமை, மூணு மணிக்குக் கூட்டத்துல பதியப்போறாங்க. நானும் அங்கதான் வேலை பாக்குறேன். என் வேலை போனா போகட்டும் சேர். அவரு பேரைக் கெடுக்கக் கூடாது."

"ஆவணங்கள்?" என்று கேட்டார் இராயப்பன்.

"திரும்பி வந்திருச்சு. அவருகூட வேலை பார்த்த கிஷாந்த் வேற இடத்துல ஒரு பிரதி வெச்சிருந்தான்." அவள் தயங்கினாள். "எனக்கே அந்த மெஷின் மேல பொறாமைதான் சேர். பூசை முடிஞ்ச கையோட அதுகிட்ட ஓடிருவாரு. சக்களத்தின்னு திட்டியிருக்கேன். இப்ப அதுக்காகத்தான் வந்து நிக்கிறேன்."

லிந்துலையில், காப்பகத்தின் தலைவி சுகிர்தம் அவர்களைக் கணினி அறைக்கு அழைத்துப் போனார். வாசலில் சேற்றுக் காலடிகள் காய்ந்திருந்தன.

"சேர், ஞாயித்துக்கிழமை யாரோ உள்ள வந்திருக்காங்க!" தனுஷிகா தரையோடு குனிந்தாள்.

"காவல்காரர் இராமையா. கூரை ஒழுகுதுன்னு வாளி வைக்க வந்தாரு" என்றார் சுகிர்தம்.

"காலடி வாளி வரைக்கும் போய்த் திரும்பிருச்சு, தனுஷிகா. கணினிப் பக்கமே போகலை" என்றார் இராயப்பன்.

கிஷாந்த் உற்சாகமாக வந்து கை கொடுத்தான். முப்பது வயதிருக்கும். "நான் பட்டிப்பொலையில ஒரு கல்யாண வீட்டுல இருந்தேன் சேர். திங்கக்கிழமை எட்டரைக்கு ஷெரோமி அக்கா கூப்பிட்டாங்க. ஒம்போதுக்கு ஆபீஸ் வந்து தூரக் களஞ்சியத்துல பிரதியைக் கேட்டேன். பதினொண்ணுக்கு இறக்க ஆரம்பிச்சு, நாலு மணிக்கு எல்லாம் ரெடி. பக்கத்துப் பெட்டியை மட்டும் நம்பக்கூடாதுன்னு அப்பவே சொன்னேன். யாரு கேட்டா?"

"அந்தக் களஞ்சியத்தை நிறுத்திடலாம்னு போன மாசம்தான் பேசினோம். மிலான் வெச்ச பெட்டி போதும்னு நெனைச்சோம். நல்லவேளை, நிறுத்தலை" என்றார் சுகிர்தம்.

இராயப்பன் களஞ்சிய ஒப்பந்தத்தைக் கேட்டார். தனுஷிகா கொட்டாவியை அடக்கிக்கொண்டு வாசித்தாள். "ஆக மலிவான வகை. அரிதாக எடுப்பவற்றுக்கு ஏற்றது. கேட்ட பிரதி கைக்குக் கிடைக்க நாற்பத்தெட்டு மணி நேரம். அவசர வழி இல்லை."

இராயப்பன் தாளை வாங்கி, பின்புறத்தையும் திருப்பிப் பார்த்தார். "மூணு மணிக்கு நானும் உட்காரலாமா?"

கூட்டத்தில் அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"வேகமான பெட்டியில வெச்சா ஒரு மணி நேரத்துல எடுக்கலாம். மலிவான களஞ்சியத்துல வெச்சா ரெண்டு நாள் காத்திருக்கணும். திங்கள் ஒம்போதுக்குக் கேட்டிருந்தா இன்னைக்குக் காலையிலதான் வந்திருக்கும். திங்கள் பதினொண்ணுக்கே வந்துச்சுன்னா, சனிக்கிழமை பதினொண்ணுக்கு முன்னாடியே யாரோ கேட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை அழியப்போறது சனிக்கிழமையே தெரிஞ்சிருந்தது."

"அப்ப அந்த நிரல்?" என்றார் சுகிர்தம்.

"மிலான் செத்து எட்டு மாசம். முப்பத்தஞ்சு ஞாயிறு ஒழுங்கா ஓடின நிரல் தானா மாறாது. மாத்தி வெச்சவரு கல்யாண வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் அது ரெண்டு மணிக்கு ஓடும். கிஷாந்த், களஞ்சியக் கணக்கு உங்க பேர்லதானே இருக்கு? நீங்க கேட்ட நேரம் அதுல பதிவாகியிருக்கும். திறந்து காட்டுங்க."

கிஷாந்த் தன் மடிக்கணினியைத் திறக்காமல் தள்ளி வைத்தான்.

"ஒரு ஆவணம்கூட போகலையே சேர்" என்றான். "நான் எதைச் சொன்னாலும் 'மிலான் இருந்தா என்ன சொல்லுவாரு'ன்னு கேப்பாங்க. அண்ணன் உயிரோட இருந்தப்பவாவது முகத்துக்கு நேரா சண்டை போடலாம். செத்தவரோட எப்படிப் போட்டி போடுறது? ஒரு தடவையாவது அவரு தோக்கணும்னு நெனைச்சேன்."



இராயப்பன் ஒப்பந்தத் தாளைத் திருப்பிச் சுகிர்தத்தின் முன் வைத்தார். பின்புறத்தில் பென்சில் எழுத்து இருந்தது. சுகிர்தம் கண்ணாடியைச் சரிசெய்தார். "இது மிலான் எழுத்து. இதைப் பார்க்காமலே கோப்புல போட்டிருக்கேனே!"

தவறு மிலானுடையது அல்ல என்று அவர் கூட்டக் குறிப்பில் எழுதினார். பிறகு ஷெரோமியைப் பார்த்தார். "இவன் விஷயத்துல என்ன எழுதட்டும்?"

"செஞ்சதை எழுதுங்க மிஸ். அதோட, அந்தத் தாள்ல அவரு எழுதியிருக்கிறதையும் எழுதுங்க. முதல்ல எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்க."

கிஷாந்த் எழுந்தான். ஷெரோமி அவனுக்கு முன்பே போய்க் கதவில் சாய்ந்து நின்றாள்.

"விடுங்க அக்கா."

"கேட்டுட்டுப் போ."

சுகிர்தம் வாசித்தார். "பெட்டி மட்டும் போதாது என்று கிஷாந்த் சொல்கிறான். அவன் சொல்வதுதான் சரி. எனக்கு முதலில் தோன்றவில்லை என்பதில் கொஞ்சம் பொறாமை. எனக்குப் பிறகு இவனிடம் ஒப்படைக்கலாம்."

கிஷாந்த் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஷெரோமி கதவைத் திறந்துவிட்டு விலகினாள். அவன் வெகுநேரம் அங்கிருந்து நகரவில்லை.