கிளட்சின் மேல் இரண்டு விரல்

டாங்க் மூடியைத் திருகியதும் புதுப் பெட்ரோல் வாசம் அடித்தது. அதுதான் முதல் கோளாறு. மார்க்கையன்கோட்டையில் ஒரு வீட்டுக் கொட்டத்தில், சாக்கு போர்த்தி, கோழி எச்சத்துக்கு அடியில் பன்னிரண்டு வருஷம் கிடந்த வண்டி அது. அத்தனை காலத்தில் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்க வேண்டும். மிச்சம் மீதி இருந்தால் வார்னிஷ் மாதிரி பிசுபிசுத்து மூக்கைச் சுளிக்க வைக்க வேண்டும். சகாய பிரவீன் குனிந்து பார்த்தான். கழுத்து வரைக்கும் ததும்பி நின்றது. விரலை நனைத்துக் கட்டைவிரலோடு தேய்த்தான். வழுக்கவில்லை. சில்லென்று இருந்து, உடனே காய்ந்துவிட்டது.

எண்ணெய் கலக்காத பெட்ரோல்.

மண் டிராக்கில் பந்தயம் ஓட்டும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. இதற்கு எண்ணெய் ஊற்றத் தனி இடம் கிடையாது. லிட்டருக்கு முப்பது மில்லி என்று அளந்து பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். கலக்க மறந்தால் பிஸ்டன் காய்ந்து, சூட்டில் பருத்து, சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். ஓடுகிற வண்டி ஓடுகிற வேகத்திலேயே ஜாம் ஆகும். உத்தமபாளையம் பைபாஸில் பதினைந்து வருஷமாகப் பட்டறை வைத்திருப்பவனுக்கு இது அரிச்சுவடி. அவனுக்கு இது எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

வண்டியைக் காலையில் குட்டியானையில் ஏற்றிக் கொண்டுவந்தவள் நாகஜோதி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வண்டியில் செத்த ஈஸ்வரபாண்டியின் தங்கை. கோர்ட்டில் டைப்பிஸ்ட், சாட்சி சொல்வதை முகம் மாறாமல் அடித்துப் பழகிய பெண். ரோட்டில் ஓட்டுகிற மாதிரி ஆக்கித் தர வேண்டும் என்றாள். ஹெட்லைட், ஹார்ன், பின்னால் பார்க்கக் கண்ணாடி, நீளமான சீட்டு, பின்னால் உட்காருபவருக்குக் கால் வைக்க இடம். இந்த வண்டிக்குப் பேப்பர் கிடைப்பது கஷ்டம் என்றான் பிரவீன். அது என் பாடு என்றாள். ஆடி கழியட்டும், ஆவணியில் எடுக்கலாமே என்றான். ஆடியிலேயே வேண்டும் என்றாள். யார் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்டான்.

"ஓட்டவும் ஆளு இருக்குண்ணே," என்றாள். "பின்னாடி உக்காரவும் ஆளு இருக்கு."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் முடியாது என்று அவள் கேட்டால்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அந்தக் குறுகுறுப்பு வெளியே தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அவன் சரி என்று தலையாட்டினான்.

டாங்கைக் கவிழ்த்துக் காலி செய்தான். என்ஜினைப் பிரித்தான். சிலிண்டரின் உள்சுவரில் நகத்தால் பிறாண்டியது போல நீளநீளமாகக் கோடுகள். பிஸ்டன் அதில் அப்படியே ஒட்டிக் கிடந்தது. கட்டை வைத்துத் தட்டித் தட்டி எடுப்பதற்குள் அவனுக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

அந்தக் கோடுகள் எத்தனையாவது ரவுண்டில் விழுந்தன என்பதும் அவனுக்குத் தெரியும். குமுளிப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு மலையாளத்துக்காரர் வாங்கிக் கொடுத்த வண்டி. கழற்றி மாட்டுவது பிரவீன். ஓட்டுவது, மாலை வாங்குவது ஈஸ்வரபாண்டி. வறண்ட கண்மாயில் நடந்த அந்தப் பந்தயத்தில் ஜெயித்தால் கோயம்புத்தூர் டீம் ஒன்று ஈஸ்வரபாண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. பிரவீனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று காலையில் அவன் டாங்கை நிரப்பினான். எண்ணெய்ப் பாட்டிலைத் திறக்கவே இல்லை.

சாகட்டும் என்று செய்யவில்லை. அப்படித்தான் பன்னிரண்டு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவன் கிளட்சின் மேல் எப்போதும் இரண்டு விரல் வைத்திருக்க வேண்டும். என்ஜின் பிடிக்கிற மாதிரி தெரிந்தால் அந்தக் கணமே இழுக்க வேண்டும். இழுத்தால் சக்கரம் தப்பிக்கும், ஆளும் தப்பிப்பான். அதை ஈஸ்வரபாண்டிக்குக் கற்றுக்கொடுத்ததே பிரவீன்தான். இழுத்துவிடுவான், பந்தயம் மட்டும் போகும் என்பது அவன் கணக்கு. ஆனால் வண்டி மேட்டில் ஏறி அந்தரத்தில் இருக்கும்போது என்ஜின் பிடித்தது. பூட்டிய சக்கரத்தோடு வந்து இறங்கியது. பின்னால் வந்த நாலு வண்டிகளுக்கு ஒதுங்க இடமில்லை.

முதலில் ஓடியவன் பிரவீன். செத்தவனின் இடது கையில் இரண்டு விரல்கள் கிளட்சை இறுக்கிப் பிடித்தபடி இருந்தன. இழுத்திருக்கிறான், நேரம்தான் தப்பிவிட்டது. உடம்பை எடுக்க வேண்டுமே. பிரவீன்தான் அவற்றைப் பின்பக்கமாக வளைத்துப் பிரித்தான். முதலில் ஆள்காட்டி விரல், பிறகு நடுவிரல். பிறகு எழுந்து நின்று, ஊரே கேட்கும்படி அழுதுகொண்டு, நான் கலக்குகிறேன் என்றேன், அவனே கலக்குகிறேன் என்றான், மறந்துவிட்டானே பாவி என்றான்.

என்ஜினைப் பிரித்த மறுநாள் காலையில் பட்டறை ஷட்டரைத் தூக்கியபோது தனியாகக் கழற்றி வைத்திருந்த டாங்க் நிரம்பியிருந்தது. மூடியைத் திறக்காமலே வாசம் அடித்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். பூட்டின பட்டறைக்குள் யார் வந்து விளையாடுவது என்று மட்டும் யோசிக்கவில்லை. கொட்டிவிட்டு, டாங்கை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தான். விடியும்போது அவன் மனைவி அருள்செல்வி, வீடெல்லாம் பெட்ரோல் நாறுகிறது, பிள்ளை இருமுகிறது, இந்தச் சனியனை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சத்தம் போட்டாள்.

சிலிண்டரைத் தேனியில் கொடுத்து, கோடுகள் போகக் கடைந்து போர் போட்டு வந்தான். புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங். ஹெட்லைட் மாட்டினான். பேட்டரி இல்லாத வண்டி. என்ஜின் சுற்றுகிற சுற்றில்தான் விளக்கு எரியும். முறுக்கினால் பளீரென்று எரியும், விட்டால் மங்கிவிடும். கண்ணாடி மாட்டினான். பின்சீட்டுக்குக் கால்மிதிகளை வெல்டு வைத்தான். ஒவ்வொரு நாளும் பட்டறைத் தூசி வண்டி முழுக்கப் படிந்திருக்கும். காலையில் பார்த்தால் கிளட்ச் லீவரில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் தூசி இருக்காது. துணியால் துடைத்தான். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் லீவரைக் கையால் தொடவே பயந்தான்.

நாலாம் நாள் டாங்கைக் கடைசியாகக் காலி செய்து, அளவு பார்த்து, எண்ணெயைத் தாராளமாகவே விட்டுக் கலந்தான். பெட்ரோல் பச்சையானது. உதைத்தான். ஐந்தாவது உதையில் என்ஜின் ஸ்டார்ட் ஆகி அலறியது. வெள்ளை வெள்ளையாகப் புகை கக்கியது. எரிந்த எண்ணெயின் இனிப்பு கலந்த அந்த நாற்றம் பட்டறையை நிறைத்தபோது பிரவீனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. புகை வந்தால் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் இருந்தால் ஒன்றும் ஆகாது.

அன்று சாயங்காலம் கோர்ட் விட்டதும் நாகஜோதி வந்தாள். வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். பின்சீட்டைத் தடவிக் கொடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணே. அன்னைக்கு டாங்க்ல எண்ணெய் கலந்தது யாரு?"

பிரவீன் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான். "உங்கண்ணன்தான் ஆத்தா. அவனே கலக்குறேன்னான். மறந்துட்டான் போல."

"எங்கய்யாவும் சாகுற வரைக்கும் அதத்தான் சொன்னாக. எம்மகன் தன்னத்தானே கொன்னுக்கிட்டான்னு." ஒரு வரியை அடித்து முடித்தவள் போல அவள் தலையாட்டினாள். "செரி. ஒரு தடவ ஓட்டிக் காமிங்க."

சரிபார்த்த வண்டியை மெக்கானிக் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பான், மறுக்க வழியில்லை. முன்சக்கரத்தடியைப் பார்த்தான். அவள் கைகளைப் பார்த்தான். எலுமிச்சம்பழம் கொண்டுவரவில்லையா என்று கேட்டான்.

"பழம் வேணாம்ணே," என்றாள். "அதுக்கு வேண்டியத அதுவே எடுத்துக்கிடட்டும்."

ஆனைமலையன்பட்டிப் பக்கம் போகிற ரோட்டில் திருப்பினான். ஆடிக்காற்று கணவாயிலிருந்து இறங்கி ஆளையே தள்ளியது. இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்கள். மயில்துத்த மருந்து அடித்த இலைகளின் கார வாசம். வெளியில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்க, பந்தல்களுக்கு அடியில் மட்டும் முன்கூட்டியே இருட்டிவிட்டிருந்தது. வண்டி அருமையாக ஓடியது. அவனே மெச்சிக்கொண்டான். கண்ணாடியில் வெள்ளைப் புகை வால் பிடித்து வருவதைப் பார்த்துக்கொண்டே போனான். இந்த மேடு ஏறித் திரும்பிவிடலாம், சாவியில்லாத இந்த வண்டியை அவளிடம் தள்ளிவிட்டு அருள்செல்வியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் எங்காவது போய்விடலாம் என்று நினைத்தான்.

மேட்டில் பார்த்தபோது புகை மெலிந்திருந்தது.

காற்றுதான். காற்று அள்ளிக்கொண்டு போகிறது.

அடுத்த தடவை பார்த்தபோது புகையே இல்லை.

மூக்கை இழுத்துப் பார்த்தான். இனிப்பு வாசம் இல்லை. கால்களுக்கு நடுவே டாங்கிலிருந்து அந்தப் பழைய வாசம். சில்லென்ற, சுத்தமான, புதுப் பெட்ரோல் வாசம். நிறுத்த வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டான். விளக்கு மங்கியது. மங்கிய வெளிச்சத்தில் அவன் கால் பார்வையில் பட்டது. அதற்குப் பின்னால், அவன் வெல்டு வைத்த கால்மிதியின் மேல் இன்னொரு கால். பந்தய பூட்ஸ். காய்ந்த கண்மாய் மண் அதிலிருந்து உதிர்ந்தது.

முறுக்கினான். விளக்கு பளீரென்றது. கால் இல்லை. என்ஜின் சூடு தொடையைச் சுட்டது.

விட்டால் அந்தக் கால். முறுக்கினால் சூடு.

ஆஃப் சுவிட்சை அமுக்கினான். என்ஜின் நிற்கவில்லை. பிரேக்கை மிதித்தான். வெறும் காற்றை மிதித்தது போல இருந்தது. ஆக்சிலேட்டரை விட்டான், இந்தத் தடவை அது திரும்பவில்லை. கண்ணாடியில் ரோடு தெரியவில்லை. ஒரு ஹெல்மெட் தெரிந்தது. அதில் முகம் இருக்க வேண்டிய இடம் உள்ளே நசுங்கியிருந்தது.

"நான்தேன் கலக்கல," என்று கத்தினான். "ஏலே பாண்டி, நான்தேன்லே."

பந்தல்களில் யாரும் இல்லை. எழுதிக்கொள்ள வேண்டியவள் நாலு கிலோமீட்டருக்குப் பின்னால், பட்டறை வாசலில் நின்றாள்.

என்ஜின் சுருதி மாறியது. அடியில் எங்கோ இரும்பு இரும்பை உரச ஆரம்பித்தது. இன்னும் சில நொடி. கிளட்ச் இருக்கிறது. அவனுடைய இரண்டு விரல்களும் லீவரின் மேல்தான் இருந்தன. இழுத்தால் போதும்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து அவன் இடது கையின் மேல் அமர்ந்தது. குளிர்ந்த கை. அதன் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பின்பக்கமாக முறிந்து வளைந்திருந்தன. அவசரமே படவில்லை. அவனுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தூக்கி, நிமிர்த்தி, கைப்பிடியோடு சேர்த்து மடக்கி வைத்தது.

பிறகு நடுவிரலுக்கு வந்தது.